33 எடுத்தவருக்கு ஏன் போலீஸ் வேலை இல்லை?

1996 மார்ச் மாதம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தென்கிழக்குப் பக்கம் இருக்கிற 14 ஊர்கள் சேர்ந்து போலீஸ் வேலைக்குப் பொதுவாக ஓர் எழுத்துத் தேர்வு வைத்தன. எழுதியவர்களில் ஒருவர் 50க்கு 33 எடுத்தார். அந்த ஊர்களில் ஒன்றான நியூ லண்டன் ஆள் எடுக்கிறது என்று சில மாதம் கழித்துத் தெரியவந்தபோது, தனக்கு ஏன் நேர்காணல் அழைப்பு வரவில்லை என்று விசாரித்தார். நகர நிர்வாகத்தில் உதவி மேலாளராக இருந்தவர், அறிவுக்கூர்மை அளவுக்கு மிஞ்சி இருக்கிறவர்களை இந்த ஊர் போலீசில் எடுக்க நாங்கள் விரும்புவதில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். கேட்டவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கு 46 வயது, உண்மையான காரணம் வயதுதான், வாய்க்கு வந்த சாக்கைச் சொல்கிறார்கள் என்று நினைத்து மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஆணையத்துக்கு நகரம் எழுத்திலேயே விளக்கம் கொடுத்தது: வயது காரணமில்லை, மதிப்பெண்தான் காரணம், 20லிருந்து 27 வரை எடுத்தவர்களை மட்டுமே நேர்காணலுக்குக் கூப்பிடுகிறோம், அதற்கு மேல் எடுத்தவர்கள் வேலை சலித்துப்போய் சீக்கிரம் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்குக் கொடுத்த பயிற்சிச் செலவு வீண்.

1997 ஏப்ரலில் அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். 1999இல் மாவட்ட நீதிபதி பீட்டர் டோர்சி நகரத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னார். 2000 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. "அமெரிக்காவில் மூளை இருந்தால் போலீஸ் வேலை கிடையாதாம், கோர்ட்டே சொல்லிவிட்டதாம்" என்று சமூக ஊடகங்களில் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிற செய்திக்கு மூலம் இந்த வழக்குதான். ஆனால் கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. அது சொன்னது வேறு, என் பார்வையில் அதுதான் அதிகம் கவலைப்பட வேண்டிய விஷயம். அதற்கு வருவதற்கு முன்னால் அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

அதன் பெயர் வாண்டர்லிக். 1930களில் வந்தது. 12 நிமிடத்தில் 50 கேள்வி. எண் வரிசையில் அடுத்த எண் என்ன, இந்த இரண்டு சொல்லும் ஒரே பொருளா எதிர்ப்பொருளா, இத்தனை ரூபாய்க்கு இத்தனை என்றால் அத்தனைக்கு எவ்வளவு, இந்த மாதிரிக் கேள்விகள். நம் ஊரில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது புதிதே இல்லை, சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வினாத்தாளில் 'உளவியல்' என்று ஒரு பகுதி வருமே, அதில் பாதியும் இதே ஜாதிதான். தொழிற்சாலை, வங்கி, அலுவலகம் என்று பல இடங்களில் வாண்டர்லிக்கைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகில் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட பல வருடங்கள் இதை எழுத வைத்து, 2022இல்தான் நிறுத்தினார்கள்.

12 நிமிடம், 50 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 14 விநாடி சொச்சம். எல்லாவற்றையும் முடிப்பவர்கள் ரொம்பக் குறைவு. போலீஸ்காரர்களின் சராசரி 21, 22 என்று அப்போது செய்திகளில் சொன்னார்கள், 33 என்பது ஐ.க்யூ. கணக்கில் சுமார் 125க்குச் சமம் என்றும் சொன்னார்கள். சரி, இப்போது ஒரு ஆளை மனதில் நிறுத்திப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார், 27 சரியாகப் போட்டுவிட்டார், இன்னும் பத்து விநாடி இருக்கிறது, அடுத்த கேள்விக்கும் விடை தெரிகிறது. அதை எழுதினால் அவருக்கு வேலை இல்லை. எழுதாமல் பேனாவை மூடி வைத்தால் நேர்காணல். இதே தேர்வை அவர் மறுவாரம் எழுதினால் நாலு மார்க் கூடலாம், குறையலாம், எந்தத் தேர்வுக்கும் அந்த அளவு ஆட்டம் உண்டு. ஆக 27க்கும் 28க்கும் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இருப்பவன் வேலையில் நிலைப்பான், அந்தப் பக்கம் இருப்பவன் ஓடிவிடுவான் என்று சொல்வதற்கு அளவுகோலிலேயே வலு கிடையாது.

கீழே ஒரு கோடு போடுவதற்கும் மேலே ஒரு கோடு போடுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைப் பற்றி அந்த நகரத்தில் யாராவது யோசித்தார்களா என்று தெரியவில்லை. கீழ்க்கோட்டை ஏமாற்றித் தாண்ட முடியாது, தெரியாத கணக்கைத் தெரிந்த மாதிரி போட்டுவிட முடியாதே. மேல்கோட்டை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், தெரிந்ததைத் தெரியாத மாதிரி விட்டுவிட்டால் போதும். விதி தெரிந்தவர் ஆறு கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு உள்ளே போவார், விதி தெரியாமல் உண்மையாக எழுதியவர் வெளியே நிற்பார். போலீஸ் வேலைக்கு நேர்மையான ஆளைத் தேடுகிற ஒரு நகரம் இப்படி ஒரு சல்லடையை வைத்திருந்தது என்பது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

இந்த யோசனை நகர நிர்வாகத்தின் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. தேர்வோடு வந்த கையேட்டிலேயே எந்த வேலைக்கு எந்த மதிப்பெண் வரம்பு பொருத்தம் என்று பட்டியல் இருந்தது. தேவைக்கு மேல் தகுதி உள்ளவர்கள் சவாலில்லாத வேலையில் சலித்துப்போய் விலகிவிடலாம், அதிக மார்க் எடுத்தவரை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்கே பாதகமாக முடியலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. தேர்வு விற்கிற கம்பெனி சொன்னது, 14 ஊர் கூட்டமைப்பும் அதே தோரணையில் ஒரு கடிதம் அனுப்பியது, நகரம் அதை விதியாக்கிவிட்டது.

அப்புறம் இதற்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. அறிவுத் தேர்வு என்ற ஒன்று அமெரிக்காவில் பரவ ஆரம்பித்த காலத்திலேயே அது போலீசுக்கு வந்துவிட்டது. 1916இல் கலிபோர்னியாவில் சான் ஹோசே ஊரில் போலீஸ், தீயணைப்பு வேலைக்கு வந்த 30 பேரை உளவியலாளர் லூயிஸ் டெர்மன் சோதித்தார், சராசரி 84 பக்கம்தான் வந்தது. 80க்குக் கீழே இருப்பவர்களை எடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அதே மாநிலத்தில் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் அறிவுத் தேர்வு வைத்து, கல்லூரி மாணவர்களைத் தேடிப்பிடித்து போலீசில் சேர்த்தார், அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத காரியம் அது. ஆக ஆரம்பத்தில் தேர்வு வந்ததே அறிவு குறைவானவர்களை வெளியே நிறுத்துவதற்காகத்தான்.

1922இல் தர்ஸ்டன் என்ற இன்னொரு உளவியலாளர் டெட்ராய்ட் நகரத்தில் 358 போலீஸ்காரர்களுக்கு ராணுவத்தில் பயன்படுத்திய அறிவுத் தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். பதவி உயர உயர சராசரி மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. கூர்மையானவர்கள் சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், தங்கி மேலே வருகிறவர்கள் மற்றவர்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். நியூ லண்டன் 1996இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆனால் ஒரே கவனிப்பிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். நல்ல ஆட்கள் போய்விடுகிறார்கள் என்றால் அவர்கள் தங்குகிற மாதிரி வேலையை, சம்பளத்தை, பதவி உயர்வை மாற்றலாம். இல்லையென்றால் அவர்களை எடுக்காமலே இருந்துவிடலாம். இரண்டாவது மலிவு. நியூ லண்டன் அதைத்தான் எடுத்துக்கொண்டது.

இனி கோர்ட் விஷயம். வழக்குத் தொடுத்தவர் அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தை, அதாவது சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்கிற பகுதியைக் காட்டினார். அரசு மக்களை வகை பிரித்து நடத்தினால் அமெரிக்கக் கோர்ட்டுகள் எல்லா வழக்குக்கும் ஒரே அளவு கண்டிப்பு காட்டுவதில்லை. நிறத்தை, இனத்தை வைத்துப் பிரித்தால் அரசு மிக வலுவான காரணம் காட்டியாக வேண்டும். மற்ற பெரும்பாலான பிரிப்புகளுக்கு, காரணம் ஓரளவு அறிவுக்குப் பொருந்துவதாக இருந்தால் போதும். மாசசூசெட்ஸ் மாநிலப் போலீசில் 50 வயதில் கட்டாய ஓய்வு என்ற விதி 1976இல் உச்ச நீதிமன்றத்தில் தப்பித்தது இந்த இளகிய அளவுகோலால்தான். அறிவுக்கூர்மையும் இந்த இரண்டாவது வரிசையில்தான் வருகிறது.

எனவே நீதிபதி டோர்சி கேட்ட கேள்வி, இந்த விதி நல்ல விதியா என்பதல்ல. நகரத்துக்கு ஒரு காரணம் இருந்ததா, அந்தக் காரணம் அறிவுக்குப் பொருந்துகிற காரணமா, அவ்வளவுதான். இந்த மனிதரை நிராகரித்தது புத்திசாலித்தனமில்லாத முடிவாக இருக்கலாம், ஆனால் சமத்துவ உரிமை மறுக்கப்படவில்லை என்ற அர்த்தத்தில் அவரே எழுதியிருக்கிறார். மேல்முறையீட்டில் இது இன்னும் தெளிவாகவே வந்தது. அதிக மார்க் எடுத்தவர்கள் அதிகம் அதிருப்தி அடைவதில்லை என்பதற்கு மனுதாரர் தரப்பு ஆதாரம் வைத்தது. கோர்ட் அதைப் பொய் என்று சொல்லவில்லை. நகரத்தின் முடிவு சரியா தவறா என்பது இங்கே கேள்வியே இல்லை, கையேட்டையும் கடிதத்தையும் பார்த்து நகரம் அப்படி நம்பியது, அந்த நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை இருந்தது, அது போதும் என்றது.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். ஒரு அரசு அமைப்பு தேர்வு விற்கிறவரின் கையேட்டைப் படித்து நம்பினால் போதும், அது நிஜமா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை இல்லை. புத்திசாலிகளை ஒதுக்குங்கள் என்று கோர்ட் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பிற நகரங்களும் இதைப் பின்பற்றியாக வேண்டும் என்றும் இல்லை, மேல்முறையீட்டு உத்தரவு முன்னுதாரணமாகக் கொள்ள முடியாத சுருக்க உத்தரவு வகை. அமெரிக்காவில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆள் எடுக்கும் விதி தனி. எஃப்.பி.ஐ. முகவராகப் பல வருடங்களாகப் பட்டப்படிப்பு கேட்டுவந்திருக்கிறார்கள். டாலஸ் நகரம் கல்லூரியில் 45 பாடக் கணக்கு (கிரெடிட்) முடித்திருக்க வேண்டும் என்று கேட்டதை 1985இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சரி என்று ஏற்றுக்கொண்டது. ஆக ஒரு ஊரில் அதிக அறிவு வேண்டாம் என்பதும் சட்டப்படி சரி, இன்னொரு ஊரில் அதிக படிப்பு வேண்டும் என்பதும் சட்டப்படி சரி.

தேர்வு வேலைக்குப் பொருந்துகிறதா என்று நிரூபிக்க வேண்டியது யார் என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் வேறு மாதிரி பதிலும் உண்டு. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்சாரக் கம்பெனி இதே வாண்டர்லிக்கையும் இன்னொரு தேர்வையும் வைத்து ஆள் தேர்ந்தெடுத்தது, கறுப்பினத் தொழிலாளர்கள் பெருமளவில் அடிபட்டுப் போனார்கள். கம்பெனியின் எண்ணம் எதுவாக இருந்தாலும் சரி, தேர்வு அந்த வேலைக்கு அவசியம் என்று கம்பெனிதான் காட்ட வேண்டும் என்று 1971இல் சொன்னது உச்ச நீதிமன்றம். அது 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு. ஐந்து வருடம் கழித்து வாஷிங்டன் நகரப் போலீசில் '21ஆம் எண் தேர்வு' என்ற 80 கேள்விச் சொல்வளத் தேர்வு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது, அதில் கறுப்பின விண்ணப்பதாரர்கள் தோற்ற விகிதம் மற்றவர்களைப்போல நான்கு மடங்கு. அங்கே அரசியலமைப்பின் கீழ் கேட்டார்கள், பாரபட்ச நோக்கம் இருந்ததாகக் காட்டினால்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. எந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நிரூபிக்கும் சுமை இடம் மாறிவிடுகிறது. நம் ஆளுக்குத் தட்டக் கிடைத்த கதவு இரண்டாவது வகை.

நம் நாட்டிலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒடிசாவில் பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு விளம்பரம் செய்தபோது 12ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், ஆனால் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. ஒருவர் தன் பட்டத்தைச் சொல்லாமல் சேர்ந்தார், பிறகு தெரிந்து வங்கி அவரை வேலை பார்க்க விடவில்லை. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. எந்த வேலைக்கு என்ன தகுதி என்பதை வேலை கொடுப்பவர்தான் முடிவு செய்யலாம், தவிர அவர் உண்மையை மறைத்தார் என்பதே அதன் சாரம். அங்கே குறைந்தபட்சம் விதி விளம்பரத்திலேயே இருந்தது, பட்டம் இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கும் இடமில்லை. நியூ லண்டனில் விண்ணப்பித்தவருக்கு, புகார் என்று ஒன்று கொடுக்கும் வரை 27க்கு மேலே கதவு மூடியிருக்கிறது என்பதே தெரியாது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலருக்கு பத்தாம் வகுப்பு தேறினால் போதும், இன்ஜினியரிங் முடித்தவர்களும் வரிசையில் நின்று 1,500 மீட்டர் ஓடிவிட்டு வருகிறார்கள், அதிக மார்க் எடுத்தால் இங்கே யாரும் துரத்துவதில்லை. அந்தப் பையன்களில் பலர் அடுத்த குரூப் தேர்வுக்கும் படித்துக்கொண்டேதான் பணியில் சேர்கிறார்கள், போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். அதற்காக அவர்களைச் சேர்க்காமல் விடலாம் என்று இங்கே ஒருவர் சொன்னால் ஊர் சும்மா இருக்காது.

புத்திசாலி நிஜமாகவே போலீஸ் வேலையில் சலித்துப்போவானா? தன் தகுதிக்கு வேலை குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு அதிருப்தி அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் தகுதிக்குக் குறைவு என்று ஒருவர் உணர்வது வேறு, 12 நிமிடத் தேர்வில் 33 எடுப்பது வேறு. இந்த மனிதர் தன் மார்க்கைப் பார்த்துவிட்டு போலீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லையே, கோர்ட்டுக்குப் போய் வாதாடினார். வழக்கு நடந்த காலத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சிறைக் காவலர் வேலை. போலீஸ் ரோந்தைவிட அதில் சவால் அதிகம் என்று யாராவது சொல்வார்களா?

அறிவுத் தேர்வு நல்ல போலீஸ்காரரை அடையாளம் காட்டுமா என்றால், அதற்கும் நேரான பதில் இல்லை. 1980களில் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சிக் கல்லூரியில் யார் நன்றாகச் செய்வார்கள் என்பதை இந்தத் தேர்வுகள் நன்றாகவே சொல்லின, ஆனால் பணியில் யார் நன்றாகச் செய்வார்கள் என்பதை ரொம்பவே மங்கலாகத்தான் சொல்லின. பணியில் ஒருவர் எப்படி என்பதை மேலதிகாரி போடுகிற மதிப்பீட்டை வைத்துத்தான் அளக்கிறார்கள், ரோந்துக் காரில் போகிறவர் இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் என்ன செய்தார் என்பதை எந்த மேலதிகாரி பார்த்தார்? 2010இல் வந்த ஓர் ஆய்வு இரண்டு நகரங்களில் போலீஸ்காரர்கள் வேலை செய்வதை நேரில் கவனித்த குறிப்புகளை வைத்துச் செய்யப்பட்டது. கல்லூரி படித்தவர்கள் கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள், பலப்பிரயோகம் மட்டும் குறைவாக இருந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அதே சமயம், போலீசில் சேர குறைந்தது இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று மாநிலம் முழுக்க விதி வைத்திருக்கிற மின்னசோட்டாவில்தான் 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். படிப்பும் மார்க்கும் மனசைக் காட்டாது.

என்னை இந்த வழக்கில் அதிகம் உறுத்துவது அந்தக் கையேட்டு வார்த்தைதான், 'சவாலில்லாத வேலை'. அதே கனெக்டிகட்டில் டாரிங்டன் என்ற ஊரில் 1983 ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இளம்பெண், பிரிந்து போன கணவன் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறான் என மாதக்கணக்காகப் போலீசில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவன் வாசலில் வந்து நிற்க, போன் செய்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து சேர்வதற்குள் பலமுறை கத்தியால் குத்தப்பட்டுக் கிடந்தார். ரத்தம் படிந்த கத்தியோடு நின்றவன், அந்தப் போலீஸ்காரர் கண்ணெதிரிலேயே அவர் தலையில் உதைத்தான், வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கி வந்து அவர்மேல் போட்டு மறுபடி உதைத்தான். இன்னும் சில போலீஸ்காரர்கள் வந்த பிறகும் அவனைக் கொஞ்ச நேரம் கூட்டத்தில் நடமாட விட்டிருந்தார்கள். கணவன் மனைவி சண்டை என்று நினைத்துவிட்டார்கள். அவர் பிழைத்தார், வழக்குப் போட்டார், 1985இல் நடுவர் குழு 23 லட்சம் டாலர் இழப்பீடு சொன்னது. அடுத்த வருடமே குடும்ப வன்முறைக்கு ஆதாரம் இருந்தால் கைது செய்தே ஆக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது.

இது நடந்து பதின்மூன்று வருடம் கழித்துத்தான், அதே மாநிலத்தில், இந்த வேலைக்கு அவ்வளவு மூளை தேவையில்லை என்று எழுதிய காகிதத்தை ஒரு நகரம் நம்பியது. வாசலில் நின்று அடித்தவன் யார், அடிபட்டவர் யார், இவன் போய்விடுவானா திரும்பி வருவானா, சட்டம் எனக்கு என்ன அனுமதி தருகிறது, துப்பாக்கியைத் தொட வேண்டுமா வேண்டாமா என்று 14 விநாடி அல்ல, சிலசமயம் நாலு விநாடியில் முடிவெடுக்கிற வேலை இது. சலிப்பான மணிநேரங்கள் இதில் நிறைய இருக்கின்றன, உண்மை, அறிக்கை எழுதுவதும் காரில் சும்மா உட்கார்ந்திருப்பதும்தான் பாதி நாள். ஆனால் ஒரு ஊர் போலீசை வைத்திருப்பது அந்தச் சலிப்பான மணிநேரத்துக்காக அல்ல.

இப்போது காற்று வேறு திசையில் அடிக்கிறது. போலீசுக்கு ஆள் வருவதே குறைந்துவிட்டதால், 2025 பிப்ரவரியில் நியூயார்க் நகரப் போலீஸ் கல்லூரிப் பாடக் கணக்கை 60லிருந்து 24ஆகக் குறைத்தது, கூடவே முன்பு கைவிட்டிருந்த ஒன்றரை மைல் ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. குறைத்தது தப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன், 24 முடித்தவர் 60 முடித்தவரைவிட மோசமான போலீஸ்காரர் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நியூயார்க்காவது எண்ணை வெளிப்படையாக அறிவித்தது, சேர விரும்புகிறவர் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், எதிர்க்கிறவர் எதிர்க்கலாம். சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் போனார்கள், யார்மேல் புகார் வந்தது என்று ஐந்து வருடம் கணக்கு வைத்தால் அந்த 24 சரியா என்பதும் தெரிந்துவிடும். நியூ லண்டனிடம் இந்தக் கணக்கைக் கேட்பதற்கு 2000இல் எந்தக் கோர்ட்டுக்கும் கை வரவில்லை.